வாடகை வீட்டுக்கு ஓர் அம்மா

அத்தியாயம் – 9

பொய் சொல்வது சுலபம். சொன்ன பொய்க்கு ஏற்ற மாதிரி ஓர் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் கஷ்டம்.

மாடி வீட்டைப் பார்த்துப் பல்லக்கா மயங்கி நின்றதையும், "தனியா இருக்கற பொண்ணுங்களுக்குக் குடுக்கறதில்லம்மா" என்று வீட்டுக்காரம்மா கையை விரித்ததையும், "தனியா இல்லீங்க, எங்கம்மாவும் கூட இருக்கப் போறாங்க" என்று இவள் வாய் கூசாமல் சொன்னதையும் போன வாரம் பார்த்தோம். வீட்டுக்காரம்மா லேசுப்பட்டவள் இல்லை. "அப்படியா? அப்ப அம்மாவ ஒரு நடை கூட்டிட்டு வா. நேர்ல பார்த்துட்டுச் சாவியக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அந்த நாள் இன்றைக்குத்தான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவளுக்குப் பல் லேபில் வேலை. விழுந்த பல்லுக்கும் உடைந்த பல்லுக்கும் பதிலாகப் பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் பூசி, உலையில் சுட்டு, அசல் பல்லே தோற்றுப்போகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுப்பாள். விடுதிப் பெண்களுக்கு இது போதாதா? வந்த வாரமே பெயர் ஒட்டிக்கொண்டது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எல்லாம் எடுத்து எடுத்து அலுத்து ஓய்ந்துவிட்டார்கள். அப்பா காலமாகிவிட்டார். அம்மா வேறு ஊரில், தம்பி வீட்டில்.

விடுதி அறையில் நான்கு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு நர்ஸ். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூங்குவாள். அதனால் பகலில் விளக்குப் போடக் கூடாது. எதிர்க் கட்டிலில் ஏதோ பெரிய பரீட்சைக்குப் படிக்கிற பெண். அதனால் இரவில் விளக்கை அணைக்கக் கூடாது. மூன்றாவது கட்டில்காரிக்கு நிச்சயமாகிவிட்டது. போர்வைக்குள் புகுந்து போனில் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருப்பாள். இருட்டும் அமைதியும் ஒரே நேரத்தில் அந்த அறைக்குள் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மூன்று பேருமே தங்கமான பெண்கள். ஆனால் கைதவறி ஒரு ஸ்பூனைக் கீழே போட்டால்கூட மூன்று திசையிலிருந்தும் "ஷ்ஷ்" என்று வருகிற இடத்தில் ஒரு மனுஷி எத்தனை வருஷம்தான் இருப்பாள்? பல்லக்காவுக்கு இப்போதெல்லாம் நிலைகொள்ளவில்லை. குளியலறைக்குள் போனால் கதவு தட்டுவார்களோ என்று பாதிக் குளியலிலேயே மனசு வெளியே வந்துவிடுகிறது. தன் கதவைத் தன் சாவியால் திறந்து உள்ளே போய், செருப்பை இஷ்டப்பட்ட மூலையில் உதறிவிட்டு, யாரும் "சாப்டியா" என்று கேட்காமல் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். ஆசை அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் இத்தனை பாடு.

விடியற்காலைப் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினாள். கையில் பெரிய பை.

"ஒரு நாளைக்கு இவ்ளோ பெரிய பையா?"

"கையில கிடைச்சத எடுத்துட்டு வந்தேன். விடு."

எதற்கெடுத்தாலும் 'விடு', 'விட்டுடு'. இந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டே அம்மா ஒரு குடும்பத்தை நடத்தி முடித்தவள். பல்லக்கா பையை வாங்கிக்கொண்டாள். தோள் இறங்கிவிட்டது.

வெளியாட்கள் அறைக்குள் வரக்கூடாது என்பது விடுதிச் சட்டம். ஆனால் வார்டன் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெத்தவங்க வெளியாளா? சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள். முகம் கடுகடுவென்றிருந்தாலும் மனசு அப்படி இல்லாத மனுஷி.

படிக்கட்டில் வைத்தே பல்லக்கா பாடத்தை ஆரம்பித்தாள்.

"நாலு மணிக்கு நான் வந்துடுவேன். சேர்ந்து போலாம். அந்தம்மா கேட்டா, ஆமாங்க, நானும் இங்கதான் இருப்பேன்னு சொல்லு. வேற எதுவும் பேசாத. பேரனைப் பத்தி ஆரம்பிச்சுடாத."

"ம்."

"எப்ப வருவீங்கன்னு கேட்டா, அடுத்த வாரம்னு சொல்லு."

"ம்."

"சாவி கைக்கு வந்ததும் உன்ன ராத்திரி பஸ்ல ஏத்தி விட்டுடறேன். அப்புறம் அந்தம்மா கேட்டா நான் பார்த்துக்கறேன். ஊர்ல வேலை, தம்பி விடமாட்டேங்கறான், அப்படி ஏதாவது."

இந்த முறை 'ம்' வரவில்லை. அம்மா நின்ற இடத்திலிருந்தே பாதி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு கட்டில்கள், நான்கு அலமாரிகள், கொடியில் நான்கு துண்டுகள்.

"இதுல உன்னது எது?" என்று மட்டும் கேட்டாள்.

*

லேபில் அன்று அவசர வேலை ஒன்று. மேல் வரிசை முன்பல். அந்தப் பல்லுக்குரிய பெண்மணிக்கு மறுநாள் ஏதோ மேடையில் பேச்சு. பல் டாக்டரிடமிருந்து காலையிலேயே இரண்டு முறை போன் வந்துவிட்டது.

முன்பல் என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. பக்கத்தில் இருக்கிற அசல் பல் ஒரே வெள்ளையாகவா இருக்கிறது? ஈறுப் பக்கம் லேசான மஞ்சள், நடுவில் பால், நுனியில் கண்ணாடி மாதிரி ஒரு சாயல். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டும். பல்லக்கா ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் ஒத்துப் பார்த்து, சுட்டு எடுத்து, பக்கத்துப் பல்லோடு உரசுகிற இடத்தைச் சிறு சக்கரத்தால் இழைத்துக்கொண்டிருந்தபோது தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மா வந்து சேர்ந்தாங்களா?"

"வந்துட்டாங்க. ராத்திரியே அனுப்பிடறேன். கவலப்படாத."

"இல்லக்கா... அவங்க அலமாரியில ஒண்ணுமே இல்ல."

"என்னது?"

"துணி, மருந்து, அப்பா போட்டோ, படுக்கை விரிப்பு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்காங்க. என்ன நடக்குது? நீ வீடு பார்க்கறேன்னு சொன்னே. அம்மாவ அங்க வெச்சுக்கப் போறியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"நான் எப்படா அப்படிச் சொன்னேன்?"

"இங்க என்ன கதின்னு உனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஆபீஸ் போறோம். குழந்தைங்க ஸ்கூல்ல இருந்து வந்தா கதவத் திறக்க ஆள் வேணும். இன்னிக்குக் காலையிலேயே வீடு தலைகீழாயிடுச்சு. டிபன் பாக்ஸ்ல பிரெட்டை வெச்சு அனுப்பினேன். சொன்னபடி ராத்திரியே அனுப்பிடுவேல்ல?"

அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தால் கையிலிருந்த பல்லில் ஓர் இழுப்பு அதிகமாக இழைத்திருந்தாள். அந்தப் பெண்மணியின் பல்வரிசை அச்சில் பொருத்திப் பார்த்தாள். பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் நடுவே நூல் போகிற அளவு சந்து.

"என்னாச்சு உனக்கு? நீயா இப்படிப் பண்றே?" என்று லேப் முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"சரி பண்ணிடறேன் சார்."

மறுபடி பொடியைக் குழைத்து, அந்தச் சந்தில் ஒரு துளி வைத்து, உலைக்குள் தள்ளினாள். உலைக்கு முன்னால் நின்றபடி யோசித்ததில்தான் விஷயம் முழுதாகப் புரிந்தது. அம்மா நடிக்க வரவில்லை. நிஜமாகவே வந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு என்று இவள் கூப்பிட்டதை அம்மா மொத்தமாகக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மாடி வீட்டின் இரண்டு அறைகளும் கண் முன்னால் வந்து போயின. ஒன்றில் அம்மாவின் கட்டில், மருந்து டப்பா, அப்பா போட்டோ. காலையில் எழுந்தால் "எழுந்துட்டியா", கிளம்பினால் "எப்ப வருவே", வந்தால் "ஏன் லேட்டு". வார்டனாவது கதவை மூடிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள். பெற்ற தாயைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தாள். அம்மா வேண்டாம் என்பதில்லை, அந்த வீடு தனக்கு மட்டும் வேண்டும். இதை யாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியும்? சொன்னால் கல் நெஞ்சுக்காரி என்பார்கள்.

பல்லை முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது நாலு மணி தாண்டிவிட்டது. ஓட்டமும் நடையுமாக விடுதிக்குப் போனாள்.

*

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பல்லக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா பகலில் படுத்து அவள் பார்த்ததே இல்லை. ஜுரம் வந்தால்கூடச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு எதையாவது நறுக்கிக்கொண்டிருப்பாள். இப்போது மகளின் கட்டிலில், சுவர்ப் பக்கம் திரும்பி, வாயை லேசாகத் திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி உறக்கம். பக்கத்துக் கட்டிலில் நர்ஸும் உறக்கம். ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

பரீட்சைப் பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, விரலை உதட்டில் வைத்தாள். "எழுப்பாதீங்கக்கா. பாவம், அசந்து தூங்கறாங்க."

எழுப்பாமல் முடியுமா? தோளைத் தொட்டதும் அம்மா திடுக்கிட்டு எழுந்து, "அடுப்ப அணைச்சேனா?" என்றாள். அப்புறம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். முகம் மெல்லத் தெளிந்தது.

"சாப்டியாம்மா?"

"ம். மணியடிச்சாங்க, எல்லாரும் தட்ட எடுத்துட்டுப் போனாங்க, நானும் போனேன்."

"வாயில வைக்க முடிஞ்சுதா? இங்க சமையல் அவ்வளவுதான்."

"உப்பு கம்மி." அம்மா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "ஆனா சூடா இருந்துச்சுடி."

அதை அம்மா சொன்ன விதத்தில் என்னவோ இருந்தது. நின்று கேட்கப் பல்லக்காவுக்கு நேரமில்லை. "வா வா, அந்தம்மா காத்துட்டிருப்பாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தம்பி சொன்னதை வழியில் கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள். முதலில் சாவி. மற்றதெல்லாம் அப்புறம்.

*

மாடி வீடு விடுதிக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில். முழங்கால் வலியோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்து, கதவைத் திறந்து காட்டினாள்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. கூட்டினாப் போதும், குடி வந்துடலாம்."

கூடத்தில் மாலை வெயில் விழுந்திருந்தது. வெறுந்தரை. வெறும் சுவர். பேசினால் குரல் திரும்பி வந்தது. பல்லக்காவுக்கு அந்த எதிரொலிகூடப் பிடித்திருந்தது. ஒரு நாற்காலி போதும், ஒரு பாய் போதும், மீதியைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று மனசுக்குள் குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"சமையல்கட்டு இங்க. இதுதான் இந்த வீட்டுக்கே விசேஷம்." வீட்டுக்காரம்மாவின் முகத்தில் பெருமை. "கிழக்குப் பார்த்த ஜன்னல். மேடை பாருங்க, எவ்ளோ நீளம்! சாமான் அடுக்க ரெண்டு பக்கமும் பலகை. உங்களுக்கு வசதியா இருக்கும். உள்ள வந்து பாருங்க."

அம்மா உள்ளே போகவில்லை. நிலைப்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

"பொண்ணோட இருந்தா உங்களுக்கும் நிம்மதிதானே?"

"பொண்ணு நிம்மதியா இருந்தாச் சரிங்க."

"எப்ப வர்றீங்க?"

அம்மா பேசுவதற்குள் பல்லக்கா முந்திக்கொண்டாள். "அடுத்த வாரமே வந்துடுவாங்க."

வீட்டுக்காரம்மாவுக்கு மெய்யாகவே சந்தோஷம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்றதுக்கென்ன, எனக்கும் சாயங்காலமானாப் பேச்சுத் துணைக்கு ஆளில்ல. டிவியும் நானும்தான். உங்கள மாதிரி ஒருத்தர் மேல இருக்காங்கன்னா அதுவே தெம்பு. வேற ஒருத்தர் கேட்டுட்டிருந்தாங்க, வேண்டாம்னுட்டேன். இந்தாம்மா சாவி."

சாவி பல்லக்காவின் உள்ளங்கைக்கு வந்தது. இதற்காகத்தான் இத்தனை நாள் தவித்தாள். கையில் வாங்கிய பிறகு துள்ளிக் குதிக்க வேண்டாமா? வீட்டுக்காரம்மா இன்னும் அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. படியிறங்கும்போது இன்னொன்றும் உறைத்தது. அங்கே இருந்த நேரம் முழுக்க அம்மா ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் இவள்தான்.

*

தெருமுனை திரும்பியதும் பல்லக்கா நின்றாள்.

"அம்மா, தம்பி போன் பண்ணான். அலமாரிய வழிச்சு எடுத்துட்டு வந்திருக்கியாமே?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வரச் சொல்லிருக்க மாட்டே."

பல்லக்காவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. "தப்பா நினைக்காதம்மா. உன்ன வேண்டாம்னு சொல்லல. ஆனா நான்... அந்த வீட்ல நான் தனியா இருக்கணும்னு..."

"தெரியும்டி."

"தெரியுமா? தெரிஞ்சுமா பெட்டி படுக்கையோட வந்தே?"

"உன் வீட்டுக்கு வர்றேன்னு நான் எப்ப சொன்னேன்?" அம்மா மூச்சு வாங்க ஒரு கடை ஓரமாக நின்றுகொண்டாள். "நேத்து ராத்திரி கிளம்பும்போது எங்க போறேன்னு எனக்கே தெரியல. அங்க இருக்க முடியல, அவ்வளவுதான் தெரிஞ்சுது. உங்கூட இருக்கலாமான்னுகூட நினைச்சேன், இல்லன்னு சொல்லல. நீ மாடிப்படியில நின்னு பேசறப்பவே உன் முகத்தப் பார்த்துட்டேன். அப்புறம் மத்தியானம் மணியடிச்சாங்க."

"என்ன மணி?"

"சாப்பாட்டு மணி. உட்கார்ந்தேன். யாரோ கொண்டு வந்து வெச்சாங்க. ஆவி பறக்குது. எல்லாருக்கும் போட்டுட்டு, பாத்திரத்தச் சுரண்டி, ஆறிப்போனத நின்னுக்கிட்டே வாயில போட்டே பழகிட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் சூடாச் சாப்பிட்டதில்ல. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் போய்ப் படுத்தேன். யாரும் கூப்பிடல. ஒரு கட்டில், ஒரு அலமாரி. அந்தப் பொண்ணுங்க யாருக்கும் நான் அம்மா கிடையாது. எனக்கு அது போதும்னு தோணுச்சு. நீ காலி பண்ற கட்டில எனக்குத் தருவாங்களான்னு வார்டன்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன். உங்கப்பா பென்ஷன் வருதில்ல, அது போதும்."

"உனக்கென்ன பைத்தியமா?" தெரு என்பதையும் மறந்து குரல் உயர்ந்துவிட்டது. "அந்த ஹாஸ்டல்ல இருந்து தப்பிச்சு ஓடத்தான் நான் மூணு வருஷமாத் தவியாத் தவிச்சேன். நீ அங்க போய்ப் படுத்துக்கறேங்கறே! எங்கூட வந்துடு. சரி, வந்துடு. நானே சமைச்சுக்கறேன். உன்ன ஒரு வேலையும் செய்யச் சொல்ல மாட்டேன்."

"நீ சமைப்பே. நான் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேனா? உப்பு சரியான்னு பார்க்க எந்திரிப்பேன். ரெண்டாம் நாளே கரண்டி என் கைக்கு வந்துடும். எனக்கு என்னைத் தெரியாதா?" அம்மா தலையை ஆட்டினாள். "அங்க அடுப்பு இருக்குடி. அவ்ளோ நீளமா மேடை இருக்கு. எனக்கு அதப் பார்த்ததும் காலு உள்ள போக மாட்டேன்னுடுச்சு."

"தம்பி என்ன நினைப்பான்? அவ என்ன நினைப்பா?"

"மருமக நல்லவதான். அவனும் நல்லவன்தான். அங்க யாருமே கெட்டவங்க இல்ல, அதுதான் தொல்லை. சண்டை போட்டுட்டு வெளிய வர ஒரு காரணம்கூடக் கிடைக்கல."

சிரிப்பு வந்துவிட்டது பல்லக்காவுக்கு. சிரிக்கிற நேரமா இது என்று அடக்கிக்கொண்டாள். "ஊர்ல என்ன பேசுவாங்க தெரியுமா? பொண்ணு வீடு எடுத்துட்டு, அம்மாவ ஹாஸ்டல்ல தள்ளிட்டான்னுதான் பேசுவாங்க."

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "உன்ன ஹாஸ்டல்ல விட்டப்ப யாரும் ஒண்ணும் பேசலையே."

ஊர்ப் பேச்சை விட்டுவிடலாம். வீட்டுப் பிரச்சினை இருக்கிறதே! அம்மா கூட இருப்பாள் என்று சொல்லித்தான் சாவி வாங்கியிருக்கிறாள். அதே அம்மா இரண்டு தெரு தள்ளி விடுதியில் இருந்தால் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? மறைக்காமல் சொன்னால் வீடு போகும். வீடு போனால் இவள் கட்டிலைக் காலி பண்ண முடியாது. இவள் காலி பண்ணாவிட்டால் அம்மாவுக்குக் கட்டில் கிடையாது. வேறு கட்டில் எதுவும் இப்போதைக்குக் காலி இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எந்தப் பக்கம் இழுத்தாலும் முடிச்சு இறுகியது.

இருவரும் விடுதியைப் பார்த்து நடந்தார்கள்.

*

வார்டன் முன்னறையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும், "என்ன, வீடு அமைஞ்சுதா?" என்றாள்.

"சாவி குடுத்துட்டாங்க மேடம்."

"நல்லதாப் போச்சு. உங்கம்மா உன் கட்டிலக் கேட்கறாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன். நிஜமாத்தானா?"

"நிஜம்தாங்க" என்றாள் அம்மா.

வார்டன் துணியைக் கீழே வைத்தாள். "வயசானவங்களச் சேர்க்கக் கூடாதுன்னு இங்க ஒண்ணும் இல்ல. ஆனா யாரா இருந்தாலும் உள்ளூர்ல ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். ஹாஸ்டல்லயே தங்கியிருக்கறவங்க ஏத்துக்க முடியாது. வெளிய சொந்தமா ஒரு விலாசம் இருக்கணும். ராத்திரியில உடம்புக்கு ஏதாவதுன்னா நான் யாரைக் கூப்பிடறது?"

"நான் இருக்கேன்" என்றாள் பல்லக்கா. யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது.

மகள் வீடு பிடிக்க அம்மா ஜாமீன். அம்மா கட்டில் பிடிக்க மகள் ஜாமீன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"சரி. அப்ப நீ எப்ப காலி பண்றே?"

"நாளைக்கு."

"நாளைக்கே அந்த வீட்டுக்கு வந்து பார்த்துடறேன். தப்பா நினைச்சுக்காத, எல்லார் விஷயத்துலயும் இதான் வழக்கம். நீ சேர்ந்தப்ப, அப்ப இந்த ஊர்ல இருந்த உன் சித்தப்பா வீட்டுக்குப் போனேன் இல்ல? வீட்டுக்காரங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை விசாரிச்சுட்டுத்தான் சேர்ப்பேன். இன்னார் அம்மா எங்க ஹாஸ்டல்ல தங்கப் போறாங்க, பொண்ணு உங்க வீட்லதான் இருக்காளான்னு கேட்பேன். அவ்வளவுதான். விலாசத்தச் சொல்லு."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பேச்சுத் துணை கிடைத்தது என்று சிரித்த வீட்டுக்காரம்மாவின் முகம் பல்லக்காவின் கண் முன்னால் நின்றது. நாளைக் காலை அந்த முகத்திடம் போய் இந்த வார்டன் இதைக் கேட்பாள். கேட்ட அடுத்த நிமிஷம் வீட்டுக்காரம்மா சாவியைத் திருப்பிக் கொடு என்பாள். தெரு பெயரை மாற்றிச் சொல்லலாம். நாலு நாள் கழித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப் போடலாம். இன்னும் நாலைந்து வழிகள் தோன்றின. பொய்க்கா பஞ்சம்?

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. மெதுவாகக் குனிந்து, காலையில் சுவரோரம் வைத்த அந்தப் பெரிய பையின் காதைப் பிடித்துத் தூக்கினாள்.

"விட்டுடு கண்ணு. ராத்திரி பஸ் இருக்கு இல்ல? நான் கிளம்பறேன். அவனும் குழந்தைங்கள வெச்சுட்டுத் திண்டாடுவான்."

குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் பல்லக்காவுக்குத் தாங்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போகும்போது சொல்கிற அதே குரல். இந்தக் குரலை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டு, சூடாகத் தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனவர்களில் தானும் ஒருத்தி என்பது அப்போதுதான் தெரிந்தது.

அம்மாவின் கையிலிருந்து பையைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கங்க மேடம்" என்றாள். தெருவின் பெயரை மாற்றாமல் சொன்னாள். கதவு எண்ணைச் சொன்னாள். எதிர்வீட்டு அடையாளத்தையும் சொன்னாள். வீட்டுக்காரம்மாவுக்கு உண்மை தெரியட்டும், பேச்சுத் துணைக்கு அம்மா இரண்டு தெரு தள்ளித்தானே இருக்கப் போகிறாள்.

"நாலு பேரக் கேட்டுத்தான் வரணுமா?" என்றாள் வார்டன்.

"வேண்டாம் மேடம். நேரா வந்து கீழ் வீட்டுக் கதவத் தட்டுங்க. வீட்டுக்காரம்மா எங்கயும் போக மாட்டாங்க. எந்நேரமும் தனியாத்தான் இருப்பாங்க."